காசநோய்க்குத்தான் மாத்திரை இருக்கிறதே, பிறகு ஏன் வென்டிலேட்டர்?

ஐசியூ வாசலில் காத்திருக்கும் வீட்டார் டாக்டரிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "டிபிக்குத்தான் மாத்திரை இருக்கே சார், கவர்ன்மென்ட்லயே காசில்லாம தர்றாங்களே. அப்புறம் ஏன் தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல வெச்சிருக்கீங்க?"

கேள்வி நியாயமானது. நின்றபடி இரண்டு நிமிடத்தில் அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. கடலூர், புதுச்சேரி பக்கம் இந்தக் கேள்வியோடு நிற்கிற குடும்பங்களும் உண்டு. அந்த வாசல் வரை போகாமலே தப்பிக்கக்கூடிய குடும்பங்களும் உண்டு. இரு தரப்பையும் மனதில் வைத்து இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உலகத்தில் ஓராண்டில் காசநோய் காண்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு ஆறு மாத சிகிச்சை. முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எதாம்புட்டால் என்று நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் பைராசினமைடை விட்டுவிட்டு மற்ற மூன்றும். விடாமல் சாப்பிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமாகி வேலைக்குப் போகிறார்கள். ஆனால் ஒரு சிறு பகுதியினர் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அவர்களில் வென்டிலேட்டர் வரை போனவர்களின் கணக்கைப் பார்த்தால், பல நாடுகளின் ஆய்வுகளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ பிழைக்கவில்லை. மருந்தும் அதேதான், கிருமியும் அதேதான். நோயாளி எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தார் என்பதில்தான் வித்தியாசம். அந்த மரணங்களில் பலவும் ஐசியூவுக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே தீர்மானமாகிவிடுகின்றன என்பதுதான் நான் சொல்ல வருவது.

நுரையீரல் எப்படித் தோற்றுப்போகிறது

நம் நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய ரத்தக் குழாய்கள். காற்றிலிருந்து ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போவதும், ரத்தத்திலிருந்து கரியமில வாயு காற்றுக்கு வருவதும் அந்த இடத்தில்தான். காசநோய்க் கிருமி மெதுவாகப் பெருகக்கூடியது. ஒன்று இரண்டாவதற்கே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். அதனால் நோய் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பதுங்கிப் பதுங்கிப் பரவுகிறது. ஒரு பக்க நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு குழி விழுந்திருந்தால் மீதி நுரையீரல் சமாளித்துக்கொள்ளும். ஆளும் இருமிக்கொண்டே வயல் வேலைக்கோ கடைக்கோ போய்க்கொண்டிருப்பார். இருமல்தானே என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள். நுரையீரலின் இந்தச் சமாளிப்புத்தான் நம்மை ஏமாற்றுகிறது. மூச்சு வாங்குகிறது என்று நோயாளி வாய்விட்டுச் சொல்லும்போது கையிருப்பு பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

மூச்சுச் செயலிழப்பு இரண்டு வழியில் வருகிறது. ஒன்றில் காற்றறைகள் சீழாலும் நீராலும் நிரம்பிவிடுகின்றன. ரத்தம் அவற்றைச் சுற்றி ஓடுகிறது, ஆனால் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. இந்த நிலையில் மாஸ்க் வழியாக எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் அளவு ஏறாமல் நிற்பதைப் பார்த்து வீட்டார் திகைத்துப்போவார்கள். கடலூர் வெள்ளத்தில் மூழ்கிய வயலில் உரம் போட்ட மாதிரிதான்; போட்டது எதுவும் வேருக்குப் போய்ச் சேராது.

இரண்டாவது வழி மூச்சை இழுத்து விடும் தசைகளின் தோல்வி. இதைப் பற்றி மக்கள் அதிகம் பேசுவதில்லை, ஆனால் நம் பக்கத்து நோயாளிகளுக்கு இது மிக முக்கியம். வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவே உள்ள உதரவிதானம் ஒரு தசை. சாப்பாடில்லாமல் கையும் காலும் மெலியும்போது அதுவும் மெலிகிறது. நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு வாங்கும் உடலுக்கு அந்த வேலையே பெரிய உழைப்பு. மெலிந்த தசையால் அதை நாள்கணக்கில் செய்ய முடியாது. களைத்துப்போனதும் கரியமில வாயு ரத்தத்தில் தேங்கத் தொடங்குகிறது. அப்போது ஒன்று நடக்கும்: ராத்திரி முழுக்க உட்கார்ந்தே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் விடியற்காலையில் அமைதியாகக் கண்ணை மூடிவிடுவார். "இப்பத்தான் கொஞ்சம் தூங்குறார், எழுப்பாதீங்க" என்று வீட்டார் சொல்வார்கள். அது தூக்கமாக இல்லாமல், கரியமில வாயு ஏறியதால் வந்த மயக்கமாக இருக்கலாம். எழுப்பிப் பார்க்க வேண்டும். பேச்சு குழறினால், கண் திறந்த உடனே மறுபடியும் செருகினால், அடுத்த நிமிடமே 108-ஐ அழைக்க வேண்டும்.

இவற்றில் எந்த வழியானாலும், அதற்குக் கொண்டுபோய் விடும் காரணங்கள் பல. கிருமி ரத்தத்தில் கலந்து இரண்டு நுரையீரலிலும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பரவும் மிலியரி காசநோய் அவற்றில் மிகக் கொடியது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் மணல் தெளித்தது போலத் தெரியும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே கிட்டத்தட்ட சுத்தமாகவும் இருக்கலாம். காய்ச்சலும் இளைப்பும் மட்டும் இருக்கும். இதிலிருந்து ஏ.ஆர்.டி.எஸ். என்று மருத்துவர்கள் சொல்லும் நிலை வரும். கிருமியை எதிர்த்து உடல் காட்டும் அழற்சியாலேயே ரத்தக் குழாய்கள் கசிந்து நுரையீரல் முழுக்க நீர் கோத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு வழக்கமான கடும் நிமோனியா மாதிரியே இருப்பதால், காசநோய் என்ற சந்தேகமே வராமல் நாட்கள் போய்விடுவது உண்டு.

மற்றவை: குழி உடைந்து காற்று மார்புக்குள் கசிந்து நுரையீரல் சுருங்குவது, நெஞ்சுக்கூட்டில் நீர் கோப்பது, மேலே வேறொரு பாக்டீரியா தொற்று சேர்ந்துகொள்வது. இருமும்போது திடீரென்று ரத்தம் கொட்டுவதும் உண்டு. அதில் உயிர் போவது பெரும்பாலும் ரத்த இழப்பால் அல்ல, நல்ல நுரையீரலுக்குள்ளும் ரத்தம் புகுந்து மூச்சு அடைப்பதால். எந்தப் பக்கத்திலிருந்து ரத்தம் வருகிறது என்று தெரிந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைக்க வேண்டும்.

தெரியாமல் போகும் வாரங்கள்

பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பில் வேலை செய்யும் ஒருவரையோ, தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போகும் ஒருவரையோ நினைத்துக்கொள்ளுங்கள். இருமல் வந்ததும் முதலில் போவது மருந்துக்கடைக்கு. அங்கே ஒரு இருமல் டானிக்கும் நாலு மாத்திரையும். தேறவில்லை என்றால் பக்கத்து கிளினிக், ஊசி, ஐந்து நாள் ஆன்டிபயாடிக். அந்த ஆன்டிபயாடிக்கில் லெவோஃப்ளாக்சசின் இருந்தால் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். காய்ச்சல் சற்று இறங்கும், ஆளுக்குத் தெம்பு வந்த மாதிரி இருக்கும், சளியில் கிருமி சிக்காமலும் போகலாம். சில வாரங்கள் கழித்து நோய் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ இருப்பவருக்குச் சளி பரிசோதனை செய்யாமல் இந்த மருந்தை எழுதிக்கொடுப்பதை நிறுத்தினாலே பல பேரை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்று உறுதியாக நம்புகிறேன்.

நோயாளி ஐசியூவுக்கு வந்துவிட்டால் கண்டுபிடிப்பதும் கடினமாகிறது. மூச்சு வாங்குபவரால் இருமிச் சளி எடுத்துத் தர முடியாது. குழாய் போட்டபின் அதன் வழியாக உறிஞ்சியெடுக்கும் சளியையோ, பிராங்கோஸ்கோப் என்ற கேமராக் குழாயை நுரையீரலுக்குள் விட்டுக் கழுவியெடுத்த நீரையோதான் அனுப்ப வேண்டும். மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு மில்லிலிட்டர் சளியில் ஆயிரக்கணக்கில் கிருமிகள் இருக்க வேண்டும். மிலியரி வகையில் பெரும்பாலும் அவ்வளவு இருக்காது. அதனால்தான் மரபணுச் சோதனைகளான சிபிநாட்டும் ட்ரூநாட்டும் இங்கே உயிர்காப்பவை. சில மணி நேரத்தில் காசநோயா இல்லையா என்பதோடு, ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஐசியூ நோயாளிக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. சந்தேகம் பலமாக இருந்தால் முடிவு வரும் முன்பே மருந்தைத் தொடங்குகிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். அது அவசரப்பட்டுச் செய்வது அல்ல. எச்.ஐ.வி. சோதனையும் சர்க்கரை அளவும் அன்றே பார்த்துவிட வேண்டியவை. சர்க்கரை நோய் இருந்தால் காசநோயில் இறப்பு அபாயம் கூடும். எக்ஸ்ரேயில் நோய் வழக்கமான மேல்பகுதியில் இல்லாமல் கீழே தெரிந்து மருத்துவரையே குழப்பவும் செய்யும்.

ஐசியூவுக்குள் என்ன நடக்கிறது

வெளியே நிற்பவர்களுக்கு உள்ளே மெஷின் ஓடுவது மட்டும்தான் தெரியும். உண்மையில் அங்கே மிகப் பெரிய சிக்கல், அந்தச் சாதாரண மாத்திரையை உடலுக்குள் கொண்டுசேர்ப்பதுதான்.

அரசுத் திட்டத்தில் தரப்படுவது நான்கு மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை. எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது: 35 முதல் 49 கிலோ வரை இருப்பவருக்கு மூன்று, அதற்குக் கீழே 25 கிலோ வரை இரண்டு. மயக்கத்தில் இருப்பவருக்கு அதைப் பொடித்து, தண்ணீரில் கலந்து, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் குழாயில் விடுகிறார்கள். ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில்தான் நன்றாக உறிஞ்சப்படும். ஆனால் ஐசியூ நோயாளிக்கு அதே குழாயில்தான் சாப்பாடும் மணிக்கு மணி போய்க்கொண்டிருக்கிறது. ரத்த அழுத்தம் இறங்கிக் கிடக்கும் உடலில் குடலுக்கு ரத்த ஓட்டமும் குறைவு. ஆக, விட்ட மருந்தில் எவ்வளவு ரத்தத்துக்குப் போனது என்பது கேள்விக்குறி. சிறுநீர்ப் பையில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் ரிஃபாம்பிசின் ஓரளவு உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். போதுமான அளவு போயிருக்கிறதா என்பதை அந்த நிறம் சொல்லாது. ஊசி வடிவில் கிடைக்கும் மருந்துகளை மருத்துவர்கள் தேடுவது இதனால்தான்.

அடுத்தது கல்லீரல். நான்கில் மூன்று மருந்துகள் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. ஏற்கெனவே மதுவால் சேதமான கல்லீரல் என்றால் கேட்கவே வேண்டாம். மஞ்சள் காமாலை வந்தால் அந்த மூன்றையும் நிறுத்திவிட்டு, எதாம்புட்டால், லெவோஃப்ளாக்சசின், அமிகாசின் போன்றவற்றுக்கு மாற வேண்டியிருக்கும். அமிகாசின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதுவும் தளர்ந்திருந்தால் அந்தக் கதவும் மூடிவிடும். இதற்கு நடுவே ரிஃபாம்பிசின் வேறொரு வேலையும் செய்கிறது. கல்லீரலைத் தூண்டி மற்ற மருந்துகளைச் சீக்கிரம் சிதைக்கச் செய்கிறது. மயக்க மருந்து, ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து, சில சர்க்கரை மாத்திரைகள் எல்லாவற்றின் அளவையும் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும்.

ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்பது இன்னும் முடிந்துபோகாத விவாதம். மூளைக் காசநோயில் அது உயிர் காக்கும் என்பது நிறுவப்பட்ட விஷயம். காசநோயால் வந்த மூச்சுச் செயலிழப்பில் அதே அளவு உறுதியான சான்று இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவர்கள் தனித்தனியாகவே முடிவெடுக்கிறார்கள். பக்கத்துப் படுக்கைக்குக் கொடுத்தார்களே, எங்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லாமல் போவது இதனால்தான்.

மருந்து தொடங்கியபின் நிலை சற்று மோசமாவதும் உண்டு. கிருமி சாகும்போது உடலின் எதிர்ப்பு கிளர்ந்து காய்ச்சலும் மூச்சிரைப்பும் கூடலாம், எச்.ஐ.வி. மருந்து புதிதாகத் தொடங்கியவர்களிடம் இது அதிகம். "மாத்திரை ஒத்துக்கல" என்று வீட்டார் நிறுத்தச் சொல்வது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். தானாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

வென்டிலேட்டர் நோயைக் குணப்படுத்தாது. மருந்து வேலை செய்யும்வரை மூச்சை நடத்தித் தருவது அவ்வளவுதான் அதன் வேலை. ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்று என்பதை நோயாளியின் உயரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்த உயரத்துக்கு உரிய எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 6 மில்லிலிட்டர். அதற்கு மேல் தள்ளினால் குழி விழுந்த நுரையீரல் கிழிந்து காற்று கசியும். சிலரைக் குப்புறப் படுக்க வைப்பதும் உண்டு. அழுந்திக் கிடக்கும் முதுகுப்பக்க நுரையீரல் அதில் விரியும்.

நம் பக்கத்து ஐசியூக்களுக்கு நன்கு தெரிந்த இன்னொரு சிக்கல், மது நின்றுபோவதால் வருவது. தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் சேர்ந்த இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கும், இல்லாத ஆளிடம் பேசுவார், மாஸ்க்கைப் பிடுங்கி எறிவார். அடக்கத் தூக்க மருந்து கொடுத்தால் மூச்சு இன்னும் தளரும். கொடுக்காவிட்டால் ஆக்சிஜன் நிற்காது. வீட்டார் வெட்கப்பட்டு மறைக்காமல், எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிட்டால் மருத்துவர்கள் முன்கூட்டியே தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் மற்ற ஏற்பாடும் செய்வார்கள். இதை மறைப்பதால் ஆகும் கெடுதல் பெரிது.

பரவல் பற்றி ஒரு வார்த்தை. குழாய் போடும் நேரமும் சளி உறிஞ்சும் நேரமும்தான் பணியாளர்களுக்கு ஆபத்து அதிகம். வென்டிலேட்டரில் ஃபில்டர், மூடிய உறிஞ்சுகுழாய், என்-95 மாஸ்க், காற்று வெளியேறும் அறை இவை வேண்டும். நர்ஸ்களும் வார்டு பணியாளர்களும் இதற்காகக் கேட்டுப் போராட வேண்டிய நிலை எங்கேயும் இருக்கக் கூடாது.

படுக்கை யாருக்கு, வீடு யாருக்கு

ஒரு காலத்தில் காசநோய் என்றாலே, மாதக்கணக்கில் தங்கவைத்துப் பார்க்கும் தனி மருத்துவமனையான சானடோரியம்தான். அதை மாற்றியது நம் சென்னை. 1956-ல் அங்கே தொடங்கிய காசநோய் கீமோதெரபி (மருந்துச் சிகிச்சை) மையம், வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் சேர்த்தவர்களையும் ஒப்பிட்டது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். வீட்டாருக்குப் பரவுவதும் அதனால் கூடவில்லை. 1959-ல் வந்த அந்த முடிவு உலகம் முழுக்கச் சிகிச்சையை மாற்றியது. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அந்த முடிவு இன்றும் பெரும்பாலானவர்களுக்குச் சரி. ஆனால் அதன் நிழலில் ஒரு பழக்கம் வளர்ந்தது: டிபி என்று தெரிந்ததும் மாத்திரையைக் கையில் கொடுத்து எல்லோரையும் ஒரே மாதிரி வீட்டுக்கு அனுப்புவது. நடந்து வந்தவரையும் மகன் தூக்கிக்கொண்டு வந்தவரையும் அதே வரிசையில் வைத்து. சிகிச்சை தொடங்கியபின் நிகழும் மரணங்களில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதங்களிலேயே நடக்கிறது. கிருமியை மருந்து அடக்கும்வரை தாங்குவதற்கு அந்த உடலில் தெம்பு இல்லை.

2022-ல் தமிழ்நாடு அரசு, சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய "தமிழ்நாடு காசநோய் இறப்பில்லா திட்டம்" இந்த இடத்தில்தான் கை வைத்தது. நோய் உறுதியான உடனே, ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாமல், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிலவற்றைப் பார்க்கச் சொன்னது. உயரமும் எடையும் அளந்து உடல் நிறை குறியீட்டைக் கணக்கிடுவது. இரண்டு காலிலும் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவது. விரலில் ஆக்சிஜன் மீட்டர் மாட்டுவது. யார் துணையும் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று நிற்கச் சொல்லிப் பார்ப்பது. குறியீடு 14-ஐத் தாண்டவில்லை என்றாலோ, 16 வரை இருந்து காலும் வீங்கியிருந்தாலோ, மூச்சு 24-க்கு மேல் போனாலோ, ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, துணையின்றி நிற்க முடியவில்லை என்றாலோ, இவற்றில் ஒன்று போதும். அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மருத்துவமனையில் சேர்த்து முழுமையாகப் பார்க்க வேண்டும்.

குறியீடு 14 என்றால் எப்படி இருக்கும்? 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் 36 கிலோவுக்கும் கீழே இருப்பார். சட்டை தோளிலிருந்து நழுவும், கன்னம் குழி விழுந்திருக்கும். "முன்னாடியே ஒல்லிதான் சார்" என்பார்கள். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் கூட்டம் நிறைந்த காலை நேரத்தில் தராசில் ஏற்றாமல் சொல்லிவிட முடியாது. மூச்சை எண்ணுவதும் அப்படித்தான். முழு ஒரு நிமிடம், அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குகிற அவசரத்தில் 26 என்பது 24 ஆகிவிடும். விரல் சில்லிட்டிருந்தாலோ நகத்தில் மருதாணியோ பாலிஷோ இருந்தாலோ மீட்டர் தவறாகக் காட்டலாம். விரலைத் தேய்த்துச் சூடாக்கி வேறு விரலில் மாட்டிப் பார்க்க வேண்டும்.

இந்தத் திட்டத்தின் அருமை இந்த எளிமையில் இருக்கிறது. சுகாதாரப் பணியாளர் ஒருவர் சில நிமிடங்களில் செய்யக்கூடிய வேலை. ஐசியூவில் பத்து நாள் நடக்கும் போராட்டத்தைவிட இந்தச் சில நிமிடங்கள் அதிக உயிர்களைக் காக்கும் என்று தயங்காமல் சொல்வேன். கடலூர் மாவட்டம் இந்தத் திட்டத்துக்குள் வருகிறது. புதுச்சேரி தனி நிர்வாகம். ஆனாலும் தராசு, அளவுகோல், ஆக்சிஜன் மீட்டர், ஒரு கடிகாரம், இவற்றை வைத்து இதே அளவுகளை எடுக்க எந்த அரசாணையும் தேவையில்லை. வீட்டில் காசநோய் சிகிச்சையில் யாராவது இருந்தால் நீங்களே மூச்சை எண்ணிப் பாருங்கள்.

சோறும் மருந்துதான்

புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் மருத்துவமனை, அமெரிக்காவின் பாஸ்டன், ரட்கர்ஸ் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதிகளில் காசநோயாளிகளையும் அவர்கள் வீட்டாரையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறது. அந்தக் குழுவின் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் காரணிகள் இரண்டு: ஊட்டக்குறைவு, மது. இந்த ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. கிடைக்கிற கூலியில் பாதி சாராயத்துக்குப் போகும் வீட்டில் சோற்றுத் தட்டு எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். குடிப்பவர் மட்டும் இளைப்பதில்லை. அவர் மனைவியும் பிள்ளைகளும் இளைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதே அறையில், அதே காற்றில்.

ஜார்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. நோயாளியின் வீட்டாருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்தபோது அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சிகிச்சையில் இருந்தவர்களில், முதல் இரண்டு மாதத்துக்குள் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடம் இறப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது. 36 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்றால் இரண்டு கிலோவுக்கும் குறைவு. அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர் மாதிரியான பொருள்களால் எட்டக்கூடிய எடைதான் அது.

கடலூர் மாவட்டத்தின் வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வந்தவருக்கு அங்கே சோறு உண்டு. பசியை நோயாகவும் சோற்றை மருந்தாகவும் பார்க்கும் மனம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. காசநோயாளிக்கு அரசு வங்கிக் கணக்கில் போடும் ஊட்டச்சத்துத் தொகை 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாகியிருக்கிறது. அந்தப் பணம் உண்மையில் யார் தட்டுக்குப் போகிறது என்று வீட்டில் ஒருவர் கவனிக்க வேண்டும். கூடுமானால், கணக்கை வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை. எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு ஒரே நாளில் வயிறு முட்டச் சாப்பாடு கொடுப்பது ஆபத்து. பட்டினிக்குப் பழகிய உடலுக்குள் திடீரென்று சத்து வரும்போது ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயமும் மூச்சுத் தசையும் தடுமாறும். ஆஸ்பத்திரியில் தயமின் கொடுத்து, உப்புகளை அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது இதனால்தான். வீட்டிலிருந்து கேரியரில் பிரியாணி கொண்டுவரும் பாசம் புரிகிறது. முதல் வாரம் நர்ஸைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு

பிழைத்து வருபவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் இன்னும் மாதக்கணக்கில் மாத்திரை இருக்கிறது. கடலூர்க்காரர் ஜிப்மரில் சேர்ந்து சிகிச்சை பெறுவது அன்றாடம் நடப்பது. டிஸ்சார்ஜ் ஆகும்போது மாநில எல்லை தாண்டித் திரும்புகிறார். இந்த மாறுதலில் மாத்திரை ஒரு வாரம் விட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். அரசின் காசநோய்ப் பதிவேடான நிக்ஷயில் நோயாளிக்குத் தரும் பதிவு எண் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். அந்த எண்ணை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போன அடுத்த நாளே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் மாத்திரை தொடரும். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

நோய் குணமானபின்னும் சிலருக்கு நுரையீரலில் வடு தங்கிவிடுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், மழைக்காலத்தில் சளி பிடித்தால் மறுபடி ஆக்சிஜன் தேவைப்படும். இப்படி வருபவருக்குப் பழைய எக்ஸ்ரே நிழலைப் பார்த்துவிட்டு மறுபடியும் காசநோய் மருந்து தொடங்குவது பெரிய தவறு. சளி சோதனையில் கிருமி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தேவைப்படுவது இன்ஹேலர், மூச்சுப் பயிற்சி, பீடியை நிறுத்துவது, ஃப்ளூ தடுப்பூசி. பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள். புதியதோடு ஒப்பிட அவைதான் துணை.

அப்புறம், அந்த வீட்டில் உள்ள எல்லோரும். ஐசியூ வரை போகும் அளவுக்கு நோய் முற்றியவர் அதற்கு முன் பல வாரங்கள் அதே கூரையின் கீழ் இருமியிருக்கிறார். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் இருமல், காய்ச்சல், எடைக்குறைவு இருக்கிறதா என்று கேட்டு, எக்ஸ்ரே எடுத்து, நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து கொடுக்கும் ஏற்பாடு அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது கட்டாயம் வேண்டும். நோயாளி ஐசியூவில் இருக்கும் நாட்களிலேயே இதைத் தொடங்கிவிடலாம்; டிஸ்சார்ஜ் வரை காத்திருக்க வேண்டியதில்லை.